கண்ணாடிக்காரர் சொன்ன அடையாளங்கள்

கடைத்தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே கண்ணாடிக்காரர், முதுகுக்குப் பின்னால் மூக்கு ஜோசியர். இரண்டாவது பேரும் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. எட்டியபோது கோபித்துக்கொள்வதற்குப் பதில் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துவது அவர் வேலை. வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளியில் நின்று, மூக்குத் தண்டு எவ்வளவு அகலம், எந்தக் காது எந்தக் காதைவிட இறங்கியிருக்கிறது, ஒரு கண்மணிக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். பிறகு பிரேமுக்குச் சூடு காட்டி வளைத்து மாட்டிவிடுவார். வேலை சுத்தம். வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, "உங்க அம்மா வழி மலைப்பக்கமா?" என்பார். "இல்லீங்களே" என்றால், "பாட்டி வழியில விசாரிச்சுப் பாருங்க" என்பார். பாட்டி வழியை யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அதனால் அவர் சொன்னது ஒருநாளும் தப்பானதில்லை.

வீட்டிலும் இதே பாட்டுதான். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்கு வந்த மூக்குகள் ஒவ்வொன்றாகத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

"உன்னை முதல் தடவை பார்த்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் டீச்சர். அசல் நம்ம மூக்கு. அப்புறம்தான் சரின்னே சொன்னேன்."

"ம்."

பிள்ளை வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு, கேட்பதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, துணிக் கிடங்கு எரிகிற வரைக்கும். கடைத்தெருக் கோடியில் இருந்த பெரிய கிடங்கு அது. காவலுக்குப் படுத்திருந்த ஆள் உள்ளேயே கருகிப்போனான். மின்சாரக் கோளாறு என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சு கால் ஊன்றுவதற்குள் இன்னொரு பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அக்கரைக்காரர்கள் வைத்த நெருப்பு என்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனங்களை அப்படித்தான் சொல்வார்கள். பிழைப்புக்காக இக்கரை வந்து எத்தனையோ காலமாக இருக்கிறவர்கள். பேச்சை மாற்றிக்கொண்டு, உடையை மாற்றிக்கொண்டு, இன்னார் என்று சொல்லாமலே இருப்பவர்களும் உண்டு. இதுதான் எல்லாரையும் உறுத்தியது. பக்கத்தில் நிற்கிறவன் யார்? பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் யார்? ஆளுக்கு ஆள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கடைக்குப் புதிதாக ஓர் ஆள் வந்து சேர்ந்தான். லென்ஸ் தேய்க்கிறவன். முப்பது வயதிருக்கும். பழைய ஆள் கண் மங்கி நின்றுவிட்டதால் முதலாளியம்மா எங்கிருந்தோ கூட்டிவந்திருந்தார். பின்பக்க அறையில் தேய்ப்பு மெஷின் முன்னால் உட்கார்ந்தால் தலை நிமிராமல் வேலை பார்ப்பான். லென்ஸை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்க்கும்போது மட்டும் முகம் தெரியும்.

அந்த முகம்தான் கண்ணாடிக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது. மூக்கு ஒன்று சொன்னால் கன்னத்தெலும்பு வேறொன்று சொன்னது. நிறம் ஒரு பக்கம் இழுத்தால் முடி இன்னொரு பக்கம் இழுத்தது. இத்தனை வருஷத்தில் கணக்கில் அடங்காத முகம் இதுதான்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார்.

"மலைப்பக்கங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தான்.

அவருக்குத் திருப்திதான், இரண்டு நாளைக்கு. அப்புறம் எதிர்க்கடை டீக்காரர் பேச்சுவாக்கில், "உங்க புது ஆளு எங்க கடலோரத்துக்காரனாமே, சொல்லவே இல்ல?" என்றார். கண்ணாடிக்காரர் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. நேரே போய் முதலாளியம்மாவிடம் நைசாகக் கேட்டார். அவர் கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்தார்.

"இதே ஊர்னுதான் சொன்னான். ஏன், லென்ஸு ஏதாவது கோணலா வந்திருக்கா?"

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு..."

"அப்ப வேலையைப் பாருங்க."

பார்க்க முடியவில்லை. ஒரே ஆள் மூன்று பேரிடம் மூன்று ஊர் சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம்? அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்கு முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண். அவன் வேலை முடிந்து முன்வாசல் வழியாகப் போவதில்லை, குப்பைத் தொட்டி இருக்கிற பின்சந்து வழியாகத்தான் போகிறான். தெருவில் கும்பல் கூடினால் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ஏன் சந்தில் நுழைய வேண்டும்?

அந்த வாரம் செல்போன் கடைக்காரன் வந்தான். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு வந்தவன் மாதிரிதான் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆனால் கூட நாலு பேர் நின்றார்கள். கிடங்கு எரிந்தபிறகு தெருக்காவல் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. அதற்கு இவன்தான் தலை.

"அண்ணே, உங்க திறமை ஊருக்கே தெரியும். அக்கரைக்காரனை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நம்ம பசங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். நான் போன்ல எடுத்துக்கறேன்."

ஊருக்கே தெரியும் என்றானே, அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மடங்கிவிட்டார். தலையை வாரிக்கொண்டார். புது பிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். கடை விளக்கு அத்தனையும் போட்டுக்கொண்டு, பாடம் நடத்துகிறவர் போல விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மூக்குத் தண்டு தொடங்குகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். காது மடலின் அடி தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். புருவம் இரண்டும் நடுவில் சேராது. இதில் பாதி அவர் எப்போதோ யாரிடமோ கேட்டது. மீதி அந்த நிமிஷம் வாயில் வந்தது. நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

போகும்போது செல்போன் கடைக்காரன் பின்னறைப் பக்கம் தாடையைக் காட்டினான். "அது யாருண்ணே?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் குரலை இறக்கினார். "தெரியல. ஆனா ஆளுக்கொரு ஊர் சொல்றான். எனக்கு அவன் மேல ஒரு கண்ணு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் லென்ஸ் தேய்க்கிறவன் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. முதலாளியம்மா போன் போட்டால் எடுக்கவில்லை. "நான் நினைச்சேன், ஓடிட்டான் பாருங்க" என்றார் கண்ணாடிக்காரர். முதலாளியம்மா அவரைப் பார்த்த பார்வைதான் சரியில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவையில் மண். முழங்கையில் சிராய்ப்பு.

"என்னாச்சு? விழுந்துட்டியா?"

"பஸ்ஸை நிறுத்தினாங்க. பாலத்துக்கு முன்னால, தெருக்காவலாம். கையில போனை வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்துக்கிட்டே வந்தாங்க. போன்ல ஒரு ஆளு பேசிட்டிருந்தான். முதல்ல வார்த்தை காதுல விழல, குரல்தான் விழுந்துச்சு." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்க குரல்."

அவர் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் பக்கத்துல ஒரு பொண்ணு. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற பொண்ணு, யூனிபார்ம்கூட மாத்தல. அவ காதைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தான் ஒருத்தன். ஒட்டியிருக்குன்னான். இறக்கிட்டாங்க. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தனும் அந்தக் கூட்டத்துல இருந்தான். என்னைப் பார்த்ததும், 'டீச்சர் நம்மாளுடா, பார்த்தாலே தெரியல?'ன்னான். எனக்கு வணக்கம் வேற."

"அப்புறம் உனக்கு எப்படி அடிபட்டுச்சு?"

"அந்தப் பொண்ணை அறைஞ்சாங்க. பையைக் கொட்டினாங்க. எப்படி உட்கார்ந்திருக்கிறது? இறங்கிப் போய் நடுவுல நின்னேன், தள்ளிவிட்டாங்க. யாரோ போன் பண்ணி, அவங்கப்பா வந்து அழுது, தன் அடையாள அட்டை, தாத்தா ஊரு எல்லாம் சொல்லி மீட்டுக்கிட்டுப் போனாரு. அந்தப் பொண்ணுக்கும் அக்கரைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

"நான் அடிக்கச் சொல்லலியே டீச்சர். சும்மா ஒரு..."

"அந்தப் பஸ்ஸுல அக்கரை ரத்தம் ஒருத்திக்குத்தான் இருந்துச்சு. அவளுக்குத்தான் வணக்கம் வெச்சாங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும், தப்பாகப் புரிந்ததோ என்று அவள் வாயையே பார்த்தார்.

"எங்கம்மா அக்கரை. சின்ன வயசுல வந்தவங்க. அப்பாவைக் கட்டிக்கிட்டு இங்கேயே இருந்துட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு என்கிட்ட மட்டும் அந்தப் பாஷையில பேசுவாங்க. உங்களைக் கட்டறதுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டாங்க. யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னு அப்பா சொன்னாரு. திறக்கல. நீங்க தினமும் தட்டைப் போட்டுக்கிட்டு மூக்கு மூக்கா அளந்தீங்க. நானும் ம் கொட்டினேன்."

எழுந்து போய் முழங்கையைக் கழுவினாள். வெட்கப்படத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் வந்து நின்றது சந்தேகம். இத்தனை வருஷம் இதை மறைத்தவள் இன்னும் எதை மறைத்திருக்கிறாளோ? அந்த நினைப்பு வந்ததும் தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் அது போகவில்லை.

விடிந்ததும் செல்போன் கடைக்குப் போனார்.

"அந்த வீடியோவை அழிச்சிடுப்பா. நான் சொன்னது எல்லாம் சரியில்ல."

செல்போன் கடைக்காரன் சிரித்தான். "அண்ணே, அது இப்ப ஊரு பூரா ஓடுது. எனக்கே எங்கெங்கிருந்தோ திரும்பி வருது. எதை அழிக்கிறது?" சிரிப்பு மெல்ல நின்றது. தலையைச் சாய்த்து இவர் முகத்தைப் பார்த்தான். "ஏன் திடீர்னு? வீட்டுல ஏதாவது... வேண்டிய ஆளுங்க யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

சட்டென்று வந்துவிட்டது பொய். அவளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று அவருக்கே விளங்கவில்லை. கடையை விட்டு இறங்கி நடக்கும்போது முதுகில் அவன் பார்வை ஊர்வது போலிருந்தது. கை தானாகப் போய்க் காது மடலைத் தடவிப் பார்த்தது.

அங்கிருந்து முதலாளியம்மாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு லென்ஸ் தேய்க்கிறவனைத் தேடிப் போனார். ஒரு லாரி ஷெட்டுக்கு மேலே ஒற்றை அறை. கதவைத் தட்டியதும் உள்ளே சத்தம் நின்றது. "யாரு?" என்ற குரல் கதவை ஒட்டி வந்தது. யாரென்று சொன்னபிறகும் வெகுநேரம் தாழ்ப்பாள் அசையவில்லை. திறந்தபோது அவன் உதடு வீங்கியிருந்தது. உள்ளே ஒரு பாய், ஒரு ஸ்டவ், கட்டி வைத்த ஒரு பை.

"யாரு அடிச்சாங்க?"

"பின்சந்துல காத்திருந்தாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னாலும் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தாங்க."

"நிஜமா எந்த ஊருப்பா நீ?" கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்தார்.

அவன் கோபப்படவில்லை. "தெரியாதுங்க. ஒரு பஸ் ஸ்டாண்டுல கிடந்தேனாம். எடுத்து வளர்த்தவங்க அப்படித்தான் சொன்னாங்க. கேக்கறவங்க முகத்தைப் பார்ப்பேன், என்ன சொன்னா சந்தோஷப்படுவாங்கன்னு தெரியும். அதைச் சொல்லிடுவேன். உங்களுக்கு மலைன்னா பிடிக்கும்னு தோணுச்சு."

கண்ணாடிக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் உன்னைக் காட்டிக் குடுத்தேன்."

"தெரியும்" என்றான் அவன். "நான் மெஷினை நிறுத்திட்டுத்தான் லென்ஸைத் தூக்கிப் பார்ப்பேன். நீங்க குரலை இறக்கினப்பதான் நிறுத்தினேன், எல்லாம் காதுல விழுந்துச்சு."

வேலைக்கு வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அவனும் வருகிறேன் என்று சொல்லவில்லை. "கதவைச் சாத்திக்கறேங்க" என்றான். அவ்வளவுதான். பிறகு அவன் எந்த ஊரில் தேய்த்தானோ தெரியாது.

டீச்சர் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் அதே பஸ்ஸில்தான் போய் வந்தாள். வேறு வழியில் வா என்றால் கேட்கவில்லை. கடைசியில் அவரே ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, அவளோடு பஸ்ஸில் ஏறினார். ஷேவ் செய்து நாளாகியிருந்தது. தூங்காத கண் உள்ளே போயிருந்தது. "எதுக்கு?" என்றாள். "சும்மா" என்றார். ஆனால் அவர் மனசில் ஒரு திட்டம் இருந்தது. பாலத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள் அல்லவா? அந்தப் போனில் பேசுகிறவன் நான்தான், சொன்னது அத்தனையும் பொய் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுவது. சொன்ன வாயே மறுத்தால் யார் நம்ப மாட்டார்கள்?

நிறுத்தினார்கள். பொழுது சாய்ந்து மங்கலாக இருந்தது. டார்ச் விளக்கோடு ஏறினார்கள். அவர் எழுந்து நின்றார்.

"தம்பிகளா, அந்த வீடியோவில இருக்கிறது நான்தான். அது பொய்ப்பா. நானா கட்டிச் சொன்னது."

முன்னால் நின்றவன் போனைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். டார்ச்சை அங்கும் இங்குமாக அடித்தான். கை மாறிக் கை மாறிக் கசங்கிய வீடியோ. அதில் இருந்த ஆள் பளபளவென்று தலைவாரிப் புது பிரேமில் இருந்தார்.

"இது நீயா? மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலியே."

"நான்தான்பா. குரலைக் கேளு."

"டேய், மூக்குக்கு மேல பாரு, பள்ளம். அக்கரைக்காரன் ஒருத்தன் நம்ம அண்ணன் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான்டா!"

சட்டையைப் பிடித்து இழுத்ததில் படியில் இடறி ரோட்டில் விழுந்தார். கண்ணாடி எங்கேயோ போனது. ஒருத்தன் காலால் எத்தினான். இடுப்பு விண்ணென்று தெறித்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் ஒன்றுபோலக் கலங்கித் தெரிந்தன.

"விடுங்கடா! அவர் என் வீட்டுக்காரர்." டீச்சர் இறங்கி வந்துவிட்டாள். அவளிடம் படித்த பையன் ஓடிவந்து மற்றவர்களை விலக்கினான்.

"ஐயோ டீச்சர், தெரியாம நடந்துபோச்சு. உங்க வீட்டுக்காரர்னா நம்மாளுதான், எழுந்திரிங்க சார்."

"அவர் அக்கரை இல்ல" என்றாள். குரல் வகுப்பில் பேசுகிற குரல்; பஸ்ஸின் கடைசி ஸீட் வரைக்கும் கேட்டது. "நான்தான் அக்கரை. எங்கம்மா அக்கரை."

பையன் சங்கடமாகச் சிரித்தான். "விளையாடாதீங்க டீச்சர். உங்களைப் பார்த்தா..."

அவள் அந்தப் பாஷையில் ஏதோ சொன்னாள். நீளமான ஒரு வாக்கியம், இடையில் தடங்கலில்லாமல். யாருக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எந்தப் பாஷை என்று எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

பையனின் டார்ச் கீழே இறங்கியது. அவனுக்கு முன்னால் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் நின்றாள், அக்கரைக்காரியும் நின்றாள். எவளை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

"ஏறுங்க டீச்சர்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஏறினார்கள். இதுவரை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளை கதை பேசிக்கொண்டு வந்த அம்மாள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவாக எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். காலியான இடத்தில் கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார்.

தெருக்காவல் மழைக்காலம் வரை இருந்தது. பிறகு ஆளில்லாமல் தானாகக் கலைந்தது. வீடியோ மட்டும் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் டீச்சரோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், யாரும் இல்லாத நேரத்தில் வந்து, "எங்க மாமியாரும்தான்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். கடையில் கண்ணாடிக்காரர் பிரேமை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். சிலர் ஏமாற்றமாகத்தான் போகிறார்கள்.

டீச்சருக்கு அக்கரையில் ஒரு சித்தி இருந்தாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளோடு போனில் பேசுகிறாள். உள்ளறையில் இல்லை, கூடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கண்ணாடிக்காரர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோலப் பாவனை செய்வார். ஒரு வார்த்தை பிடிபடாது. அவள் சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே சுருக்கென்னும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பேப்பரை இறக்கினார். "என்னைப் பத்தியா பேசறே?"

டீச்சர் போனைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். மறுபடி போனைக் காதில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.